தானாக ஓடிய அம்புக்குறி

"இங்க ஓடுதுங் அம்மிணி. அங்க கொண்டு போனா பைத்தியம் புடிச்சுக்குது. இது மூணாவது தடவை."

திருமூர்த்தி அந்தப் பழைய கம்ப்யூட்டரை ரிப்பேர் கடை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

கோகிலவாணி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பிரிண்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சிக்கியிருந்த காகிதத்தை இடுக்கியால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஓடுது?"

"இங்க."

"எங்க ஓடல?"

"எடை மேடையில."

"அப்பறம் பொட்டி மேல என்னங்ணா கோவம்?"

திருமூர்த்தி பெட்டியை முறைத்தார். கோபம் இன்னும் கொஞ்சம் வந்தது.

அவருக்கு வயது நாற்பத்தாறு. அவளுக்கு முப்பத்து மூன்று. ஆனாலும் அவர்தான் சீடர், அவள்தான் குரு. இதை ஏற்றுக்கொள்ள அவருக்கே இரண்டு மாதம் பிடித்தது.

பத்தொன்பது வருடம் ஒரு பெரிய கம்பெனியில் போனை எடுத்தவர் அவர். யாருக்கு எந்தக் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்றாலும், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார். பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். மீதிப் பேர் மறுபடி அழைக்கும்போது வேறு ஆள் போனை எடுப்பான். இப்படியே போயிருந்தால் அறுபது வரை தள்ளியிருக்கலாம். கம்பெனி ஒருநாள் அவரையே ஆஃப் பண்ணிவிட்டது, ஆன் பண்ணவில்லை.

ஊர் திரும்பினார். அந்தியூரில் வீட்டின் முன்னறையைக் காலி செய்து வெள்ளையடித்து, இங்கே சொந்தக் கடை வைக்கப்போகிறேன் என்று மனைவி சரோஜாவிடம் சொன்னார். அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு கம்ப்யூட்டரைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை.

ஏழு மாதம் முன்பு வாணியிடம் வந்து சேர்ந்தார். ஈரோட்டைச் சுற்றி எந்தப் பழைய மெஷின் செத்தாலும் முதலில் வாணி கடைக்குத்தான் வரும். அவள் தொட்டால் உயிர் வந்துவிடும் என்று ஜனங்கள் சொல்வார்கள். ஜனங்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் இதில் அதிகம் கூட்டவில்லை.

அவள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு வேலையைத் தனியாக எடுத்து, தனியாகவே முடிக்க வேண்டும். முடித்தால் அன்றே போய்ச் சொந்தக் கடை வைக்கலாம். நடுவில் அவள் கை கீபோர்டில் பட்டுவிட்டால் அந்த வேலை அவளுடையது. எடுத்தவர் மறுபடியும் முதல் நாள் சீடர்.

திருமூர்த்தி தனியாக எடுத்த வேலை, சென்னியப்பனின் எடை மேடை.

லாரி ஏறி நிற்கும். எவ்வளவு கனம் என்று கம்ப்யூட்டர் சீட்டு அடிக்கும். அவ்வளவுதான் எடை மேடை. அங்கே இருந்தது பதினெட்டு வருடத்துக் கம்ப்யூட்டர். புதிதாக ஒன்று வாங்கினால் மேடையிலிருந்து வரும் தடித்த வயரைச் செருக அதில் துளை இருக்காது. சீட்டு அடிக்கும் புரோகிராமும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். போன வாரம் அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வேறு ஹார்ட் டிஸ்க் போட்டு, பழைய சிஸ்டத்தை மறுபடி ஏற்ற வேண்டும்.

சின்ன வேலை. சின்ன வேலை என்றுதான் திருமூர்த்தியும் நினைத்தார்.

"என்னென்ன மாத்துனீங்க?" என்று வாணி கேட்டாள்.

"மொதல் தடவை மவுஸ மாத்துனேன். ரெண்டாவது தடவை ரேம், சிடி டிரைவ், கூடவே இன்னொரு மவுஸ். இன்னைக்குக் காலைல ஹார்ட் டிஸ்க்கையே மாத்தி, வேற சிடில இருந்து புதுசா ஏத்திட்டுப் போனேன்."

"எதனால சரியாகலைன்னு தெரியுதா?"

"தெரியலைங்."

"ஒருவேளை சரியாயிருந்தா, எதனால ஆச்சுன்னு தெரிஞ்சிருக்குமா?"

அவர் யோசித்துப் பார்த்தார். தெரிந்திருக்காது.

வாணி இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"அங்க அது என்ன பண்ணுது? சொல்லுங்."

"அம்புக்குறி தானா ஓடுது. நான் மவுஸத் தொடவே இல்ல. தானா ஓடி, தானா அழுத்தி, எதையெதையோ தொறக்குது, மூடுது."

"எந்தப் பக்கமா ஓடுது?"

"பாக்கலைங்."

"நிக்காம ஓடுதா, நின்னு நின்னு ஓடுதா?"

"அத யாருங் பாத்தா? ஓட ஆரம்பிச்சதும் பட்டுனு ஆஃப் பண்ணிட்டேன்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவருக்கே கேட்டது. காது சூடாயிற்று.

வாணி சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"கொண்டு போங்" என்றாள்.

"எங்க?"

"எடை மேடைக்கு."

"எதையும் சரி பண்ணாமயா?"

"எதையும் மாத்தாம."

"அம்மிணி, நாளைக்கு மஞ்சள் ஏலம். பத்து மணிக்குள்ள எடைச் சீட்டு இல்லாத லோடு அடுத்த ஏலத்துக்குத்தான் போவும். வானம் வேற மூடிட்டு நிக்குது. மஞ்சள் நனைஞ்சா அந்த ஆளுங்க என்னைய உயிரோட விட மாட்டாங்க."

"அப்ப வெரசாப் போங்."

பிரிண்டருக்குத் திரும்பிவிட்டாள். பெட்டியை அவர் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இங்க இல்லாதது அங்க என்ன இருக்குதுங்ணா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பிரிண்டரிடம் கேட்ட மாதிரி இருந்தது.

*

மறுநாள் காலை ஆறு மணிக்குத் திருமூர்த்தி எடை மேடையில் இருந்தார். அவருக்கு முன்பே ஐந்து லாரிகள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் மஞ்சள் மூட்டை. எல்லாவற்றின் மேலும் தார்ப்பாய்.

சென்னியப்பன் வெள்ளைச் சட்டையும் பெரிய குரலுமாக வாசலில் நின்றார்.

"இன்னைக்காச்சும் ஆவுமா?"

"ஆவுமுங்."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், மேடையிலிருந்து வரும் தடித்த வயர் என்று எல்லாவற்றையும் அதனதன் துளையில் செருகினார். எது எங்கே என்று கை தேடவில்லை. அதில் ஏழு மாதப் பழக்கம் இருந்தது.

ஆன் செய்தார்.

திரையில் வெளிச்சம் வந்தது, படம் வந்தது. கூடவே அம்புக்குறியும் வந்தது. வந்த வேகத்தில் ஓட ஆரம்பித்தது.

ஆஃப் செய்யப் போன கையை அடக்கிக்கொண்டார். இங்கே இல்லாதது அங்கே என்ன இருக்கிறது? வழி முழுக்க இதைத்தான் அவர் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு விடையும் வைத்திருந்தார். கரண்ட். வாணி கடையில் கரண்ட் சுத்தம். இங்கே பக்கத்திலேயே மஞ்சளுக்கு மெருகேற்றும் டிரம் சுற்றுகிறது.

"எர்த்துதாங்க கோளாறு" என்றார் கம்பீரமாக.

சென்னியப்பன் ஆள் வைத்து, கட்டடத்துக்குப் பின்னால் எர்த் குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். உப்பும் போட்டார். ஆன் செய்தார்கள்.

ஓடியது. கம்ப்யூட்டர் அல்ல, அம்புக்குறி.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். கூடினவர்களில் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

"வைரஸுங். எங்க மச்சான் கடைல இதே மாதிரிதான்" என்றார் முதல் லாரியின் டிரைவர்.

திருமூர்த்தி வைரஸ் சிடியைப் போட்டார். அது தேடி முடிப்பதற்குள் அம்பு போய் அதையே மூடிவிட்டது.

"மவுஸக் கழட்டி வெய்ங்க" என்றார் இரண்டாவது டிரைவர்.

கழற்றினார். மவுஸே இல்லை. அம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஒரு எலுமிச்சங்காய சுத்திப் போடலாமுங்."

அதையும் மறுக்கத் திருமூர்த்திக்குத் தெம்பு இல்லை. எலுமிச்சம்பழம் மானிட்டர்மேல் போய் உட்கார்ந்தது.

போன் அடித்தது. சரோஜாவின் அண்ணன்.

"மாப்ள, எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து ஏத்து. அதுதான் ஒரே வழி. நான் வீடியோல பாத்தேன்."

திருமூர்த்தி அழித்தார். மொத்தமாக அழித்தார். நேற்றுக் காலைச் சாப்பாட்டைத் தள்ளி வைத்து ஏற்றிய சிஸ்டத்தை இரண்டே நிமிடத்தில் அழித்துவிட்டு, சிடியைப் போட்டு மறுபடி ஏற்ற ஆரம்பித்தார்.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. நீலத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு வம்பும் இல்லை. அவருக்கு மூச்சு வந்தது.

பாதிக்குப் பிறகு திரை மாறியது. எந்த நாடு, எந்த மொழி, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்க ஆரம்பித்தது. அதோடு அம்புக்குறியும் வந்துவிட்டது. அவர் பதில் சொல்வதற்குள் அம்பு பதில் சொன்னது. நாட்டை மாற்றியது. அடுத்த பக்கம் போகாமல் முந்தின பக்கத்துக்குப் போனது. திரும்பி வந்து மறுபடி நாட்டை மாற்றியது.

மணி ஏழே முக்கால். லாரிகள் பதினொன்று.

"ஏப்பா" என்றார் சென்னியப்பன். இப்போது அவர் குரல் பெரிதாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உன்னால ஆவாதுன்னா சொல்லிடு. அந்த அம்மாவக் கூப்புடறேன். அது வந்தா அஞ்சு நிமிசம். பாவம், இவனுங்க வயித்துல அடிக்காத."

திருமூர்த்தி வெளியே வந்தார். வெள்ளையடித்த முன்னறையை நினைத்தார். சரோஜாவிடம் என்ன சொல்வது? நாற்பத்தாறு வயதில் மறுபடி முதல் நாள்.

போனை எடுத்து வாணியை அழைத்தார்.

"அம்மிணி, என்னால ஆவலைங்."

"ம்."

"நீங்க வந்துருங்."

"நான் வந்தா?"

லைனில் வாணி கடை ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"வேண்டாமுங்" என்றார் கடைசியில். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அங்க பக்கத்துல டீக்கடை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்."

"ரெண்டு டீ வாங்குங். ஆத்தாம, சூடா."

"எனக்கெதுக்குங் ரெண்டு?"

"ஒரு கைக்கு ஒண்ணு. ரெண்டையும் புடிச்சுட்டு பொட்டிக்கு முன்னால உக்காருங். டீ ஆறுற வரைக்கும் டம்ளரக் கீழ வைக்கக்கூடாது, குடிக்கவும் கூடாது."

"அப்பறம்?"

வைத்துவிட்டாள்.

இதற்கு எலுமிச்சம்பழமே தேவலாம் என்று திருமூர்த்தி நினைத்தார். ஆனாலும் குரு சொல்லாயிற்றே. டீக்கடைக்குப் போனார்.

*

இரண்டு கையிலும் நிறைந்த டம்ளரோடு அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து கூட்டம் சிரித்தது.

"ஒண்ணு நீங்க குடிக்க, இன்னொண்ணு மானிட்டருக்குங்களா?"

திருமூர்த்திக்கு அழுகை வந்தது. அழவும் முடியாது, கண்ணைத் துடைக்கக் கை இல்லை. திரையைப் பார்த்தார். வேறு என்ன செய்வது?

கை கீபோர்டுக்குப் போகத் துடித்தது. டீ தளும்பி விரலைச் சுட்டது. கை திரும்பி வந்தது.

மறுபடி துடித்தது. மறுபடி சுட்டது.

மூன்றாவது தடவைக்குப் பிறகு கை அடங்கிவிட்டது. கை அடங்கியதும் கண் பார்க்க ஆரம்பித்தது.

அம்பு கண்டபடி ஓடவில்லை. ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. ஒவ்வொரு ஓட்டமும் ஒரே நீளம். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரே அளவு. இடதுபக்கமாக, மேல்மூலையைப் பார்த்து, எண்ணி வைத்த மாதிரி ஒரே போக்கு.

பைத்தியம் பிடித்தது இப்படி ஒழுங்காகவா ஓடும்?

வெளியே முதல் லாரி டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. இப்போதே ஏற்றி நிறுத்திவிட்டால் சரியானதும் முதல் சீட்டு நமக்குத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டியைக் கிளப்பி மேடைமேல் ஏற்றினார்.

அம்பு திரும்பியது.

திருமூர்த்தி டம்ளர்களை இறுக்கிப் பிடித்தார். மேல்மூலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்பு, இப்போது குறுக்கே வெட்டி வெட்டி வலதுபக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டமும் ஒரே சீராகிவிட்டது.

"ஏனுங்" என்று கத்தினார். "அந்த லாரிய எறக்குங்!"

"என்னாத்துக்கு?"

"எறக்குங்க சொல்றேன்!"

ஏழு மாதத்தில் அவர் யாரையும் அதட்டியதில்லை. டிரைவர் பயந்துபோய் ரிவர்ஸ் எடுத்தார். முன்சக்கரம் மேடையை விட்டு இறங்கியது.

அம்பு மறுபடி மேல்மூலைக்குத் திரும்பியது.

"இப்ப ஏத்துங்!"

ஏறியது. அம்பு வலதுபக்கம் போனது.

"எறக்குங்!"

மேல்மூலை.

"ஏத்துங்!"

"ஏப்பா திருமூர்த்தி" என்றார் சென்னியப்பன், கவலையாக. "ராத்திரி தூங்குனியா?"

திருமூர்த்தி ஜன்னல் ஓரத்தில் இருந்த இண்டிகேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையின் கனத்தைச் சிவப்பு எண்ணில் காட்டும் சின்னப் பெட்டி அது. லாரி ஏறும்போது எண் ஏறியது, இறங்கும்போது எண் இறங்கியது. ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரு நொடிகூடச் சும்மா இல்லை. ஒரு நொடிக்குப் பத்து தடவை, இவ்வளவு கனம், இவ்வளவு கனம் என்று அந்தத் தடித்த வயர் வழியாகக் கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

கம்ப்யூட்டர் பாவம், இப்போதுதான் கண் விழிக்கிறது. அதற்கு எடை மேடையும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. ஒரு துளை வழியாக யாரோ ஓயாமல் எதையோ சொல்கிறார்கள். இது ஒரு மவுஸ், யாரோ கையால் நகர்த்துகிறார்கள் என்று நினைத்துவிட்டது. சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஓடியது.

மூன்று நாளாக அதற்கு ஒரு கோளாறும் இல்லை.

டம்ளர்களைக் கீழே வைத்தார். டீ ஆறியிருந்தது. எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய், மேடையிலிருந்து வந்த தடித்த வயரின் இரண்டு திருகையும் தளர்த்தி அதைப் பிடுங்கினார்.

அம்பு திரையின் நடுவில் நின்றது. அப்படியே நின்றது.

கூட்டம் திரையை எட்டிப் பார்த்தது. எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்தவர் முகத்தில் மட்டும் ஒரு பெருமை தெரிந்தது.

திருமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. மவுஸை எடுத்துச் செருகி நகர்த்தினார். அம்பு அவர் சொன்ன பக்கம் வந்தது. நாடு, மொழி, தேதி. ஒவ்வொன்றாகப் பதில் கொடுத்தார்.

"இன்னும் முப்பத்தேழு நிமிடம்" என்று திரை காட்டியது.

மணி எட்டு இருபது.

"அவ்வளவு நேரமா? வேற சிடி போட்டா வெரசா ஆவுமுங்" என்றார் இரண்டாவது டிரைவர்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்றார் இன்னொருவர்.

சட்டைப் பையில் போன் அடித்தது. சரோஜாவின் அண்ணன் பெயர் தெரிந்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டார்.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"தெரியுமுங். உக்காருங்."

சென்னியப்பன் உட்கார்ந்தார். தன் சொந்த எடை மேடையில், இன்னொருவர் சொல்லி அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முப்பத்தேழு நிமிடம் என்று சொன்ன திரை நாற்பத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. திருமூர்த்தி எதையும் தொடவில்லை. ஒன்பது மணிக்கு சிஸ்டம் எழுந்து நின்றது. சீட்டு அடிக்கும் புரோகிராமை ஏற்றினார். பிறகுதான் தடித்த வயரைச் செருகினார். திரையில் எண் வந்தது. இண்டிகேட்டரில் இருந்த அதே எண்.

கூட்டம் கத்தியது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கணும். நாளைக்குக் காலைல நீங்க ஆன் பண்றப்ப நான் இருக்க மாட்டேன்."

வயர் செருகியபடியே ஆஃப் செய்து ஆன் செய்தார். அம்பு மறுபடி ஓடியது. யாரோ "போச்சு" என்றார்கள். திருமூர்த்தி பதறவில்லை. வயரைப் பிடுங்கவும் இல்லை. கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கட்டம் தவறினால் மறுபடி வந்து, கம்ப்யூட்டருக்குள் எதெதெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். அதில் மவுஸ் என்று இரண்டு இருந்தன. மேசைமேல் இருந்ததோ ஒன்று. இல்லாத மவுஸைத் தேர்ந்தெடுத்து, இனி உன் பேச்சு எடுபடாது என்று நிறுத்தி வைத்தார்.

ஆஃப் செய்தார். ஆன் செய்தார். அம்பு நின்றது.

இன்னொரு தடவை. நின்றது.

ஒன்பது இருபதுக்கு முதல் லாரி மேடையில் ஏறியது. பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் தள்ளியது. டிரைவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பதினொன்றாவது லாரியும் ஏலக் களத்தின் கேட்டுக்குள் போய்விட்டது. அதன் பிறகுதான் மழை வந்தது.

*

மதியம் திருமூர்த்தி வாணி கடைக்கு வந்தார். தலை நனைந்திருந்தது. முகம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். எர்த் குழி, எலுமிச்சம்பழம், டீ, லாரியை ஏற்றி இறக்கியது, வயர். வாணி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அம்பு திரும்பிய இடம் வந்தபோது, "அட!" என்றாள் வாய்விட்டு.

சொல்லி முடித்ததும் அவருக்கு மெல்ல ஒரு வருத்தம் வந்தது. உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்ணா."

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்? வயரப் புடுங்குங்கன்னு. இல்ல, காலைல போன்லயாவது. பதினொரு லாரி நின்னுச்சு. சென்னியப்பன் கண்ணுல தண்ணி நின்னுச்சு. எனக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறதுக்காக அவங்களையெல்லாம் நிக்க வெச்சிருக்க வேண்டாமுங்."

வாணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்ணா."

"என்னது?"

"வயருன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான், இப்ப நீங்க சொல்லித்தான் கேக்கறேன்."

திருமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு தெரியவில்லை.

"சத்தியமாவுங்களா?"

"தெரிஞ்சிருந்தா போன்லயே சொல்லியிருக்க மாட்டனா? ஏலத்தன்னைக்கு யாராச்சும் வெளையாடுவாங்களா?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வெளியே மழை பலமாகப் பெய்துகொண்டிருந்தது.

வாணி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். புதுப் பக்கம் பிரித்தாள். பேனா எழுதவில்லை, உதறிக்கொண்டாள். தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, மேசை ஓரமாக நின்றுகொண்டாள்.

"உக்காருங்ணா. அந்த ரெண்டாவது மவுஸ எங்க போயி நிறுத்துனீங்க? மெதுவாச் சொல்லுங், எழுதிக்கறேன்."